சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

சொந்த வீடு கட்டியவர்களைக் கேட்டால், ஒழுகல், வெள்ளையடிப்பு, வரி என்று கண்ணீர் விடுவார்கள். கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால், டயர், பிரேக், ஒர்க்‌ஷாப் பில் என்று பெருமூச்சு விடுவார்கள். இந்த இரண்டு பாக்கியங்களையும் ஒருங்கே அனுபவிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள்தாம் அவர்கள்!

கேம்பர் வேன் என்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு வேனுக்குள்ளேயே கட்டில், அலமாரி, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அடக்கி வைத்த சமாசாரம். எங்கே இருட்டுகிறதோ அங்கே வீடு. ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கம்பெனியார் 1950-ல் தங்கள் பிரசித்தி பெற்ற வேனைச் செய்ய ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனியார் அதற்குள் குடித்தன சாமான்களைப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வம்சத்தில், 1970-களில் பிறந்த ஒரு கிழ வண்டியில், இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில், ஓர் அக்டோபர் மாதம் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். வண்டி என் கல்லூரி ஸ்நேகிதியுடையது. அவள், அவள் கணவர், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், நான், ஆக நாலு பேர்.

ஏரிகளைப் பற்றி எழுத எத்தனையோ கவிஞர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, வண்டியின் அலமாரிக் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் பற்றி. அதில் இரண்டு பத்திகள். ஒன்றுக்கு 'வண்டி' என்று தலைப்பு, மற்றதற்கு 'வீடு'. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, கடைசியாக அந்த வேலையைச் செய்த தேதி. பால் கணக்குப்போல அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தாள்.

"வண்டி வருஷத்தில் இரண்டு மாதம் ஓடினால் அதிகம். அதற்கு இவ்வளவு வேலையா?" என்று கேட்டேன்.

"ஓடாததனால்தாண்டி இவ்வளவு வேலை" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது, நேயர்களே! தினசரி ஓடும் காருக்கு மைல் கணக்குப் போதும். மூவாயிரம் மைலுக்கு ஒரு தரம் எண்ணெய் மாற்றினால் சரி. சும்மா நிற்கும் வண்டிக்கு வயசாவது மைலால் அல்ல, தேதியால். ஆகவே, மைல் ஆனாலும் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றிவிடுகிறாள். இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றும் எண்ணெயுந்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். எண்ணெயோ இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். அதில் சிக்கனம் பார்க்க முடியுமா?

டயரைப் பாருங்கள். பட்டன் பட்டனாகப் புதிது போல் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நாலு எண்கள் பொறித்திருக்கும். 2319 என்றால், 2019-ம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்தது என்று ஜாதகம். தேயாவிட்டாலும் ரப்பர் உள்ளுக்குள்ளே கிழடு தட்டிவிடும். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு நாளும் கூடாது. ஸ்நேகிதி ஏழாவது வருஷமே கழற்றிவிடுகிறாள்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறினால் எண்ணெய் ஆவியாகி, மிதிக்கிற கட்டை தரையோடு போய்விடும். ஏரிப் பிரதேசத்தில் ஹார்ட்நாட் என்று ஒரு கணவாய் இருக்கிறது. மூன்றடி தூரத்துக்கு ஓரடி இறங்கும் இடமும் அதில் உண்டு! அங்கே போய்த்தான் பிரேக்கைப் பரீட்சை செய்ய வேண்டுமா? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை மாற்று என்கிறது காகிதம். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களுக்கும் அதே கதி. வெடித்த குழாயிலிருந்து சூடான எஞ்சின்மேல் சொட்டுகிற பெட்ரோல், நெருப்புக்கு அழைப்புக் கடிதம். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது. அதனால் குழாய்களையும் தேதி வைத்து மாற்றுகிறாள்.

இத்தனையும் சர்க்காருக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டில் மூன்று வயதான கார்கள் வருஷந்தோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். ஆனால், பெரிய மாறுதல் எதுவும் செய்யாமல் நாற்பது வயதைத் தாண்டிவிட்ட வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து விலக்கு. பாட்டிக்குப் பரீட்சை வேண்டாம் என்று சட்டம் விட்டுவிட்டது. பாட்டியின் பிரேக் விடுமா? கேட்பாரில்லாத இடத்தில்தான் காகிதம் வேண்டும் என்கிறாள் ஸ்நேகிதி.

இனி 'வீடு' என்ற பத்திக்கு வருகிறேன். எஞ்சின் கெட்டால் சத்தம் போடும், புகை விடும், நடுத்தெருவில் நின்று மானத்தை வாங்கும். வீட்டுப் பகுதி அப்படியல்ல, சத்தமே போடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தங்கும். அதற்காகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறதென்று யாராவது அதில் துணியை அடைத்துவிட்டால் போச்சு! குழாயில் வெடிப்பு, மூட்டில் கசிவு, அடுப்பில் நீலச் சுவாலைக்குப் பதில் மஞ்சள், இவையெல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒரு முறை தெரிந்த ஆளை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு மழையும் குளிரும் பிடித்துக்கொண்டன. மாமியாருக்குப் பற்கள் தந்தியடித்தன.

"ஏம்மா, அந்த அடுப்பைச் சின்னதாக எரியவிட்டால் என்ன? கொஞ்சம் கதகதப்பாக இருக்குமே" என்றார்.

என் ஸ்நேகிதி மாமியார் சொல்லைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. அன்று தட்டினாள். "கூடாது அம்மா. மூடின இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்" என்று சொல்லி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெந்நீர் போட்டு, ரப்பர் பைகளில் ஊற்றி, அவர் கால்மாட்டில் ஒன்றும் வயிற்றண்டை ஒன்றுமாக வைத்தாள். பிறகு மேலே பொருத்தியிருந்த எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை ஒரு தரம் அமுக்கினாள். 'கீச்'சென்று அது அலறிற்று. மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம், "அது தினமும் கத்துமா?" என்று கேட்டார். "பயணத்தில் வாரம் ஒரு தரம் நான் கத்த வைப்பேன்" என்றாள் மருமகள். கருவிக்கும் ஆயுள் முடியும் தேதி உண்டு. அதுவும் காகிதத்தில் இருந்தது.

மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன்பு: டயர்க் காற்று, எண்ணெய் மட்டம், விளக்குகள், தீயணைக்கும் கருவி. நின்றிருக்கும் மாதங்களில்: பாட்டரியை மாதம் ஒரு முறை பார். நிறைந்த பாட்டரி 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதி காலி. அப்படியே போட்டுவைத்தால் பிழைக்காது. குளிர்காலத்துக்கு முன்பு: தொட்டியிலும் குழாய்களிலும் ஒரு சொட்டு நீரும் இருக்கலாகாது. உறையும் தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்துக் குழாயைப் பிளந்துவிடும். வசந்தத்தில்: தொட்டியைக் கிருமிநாசினியால் கழுவி, பல முறை அலசிய பிறகே குடிதண்ணீர். மழையில் நனைந்த கூரைத் துணியை உலர்த்தாமல் மடிக்காதே. ஈரப் புடவையைப் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

கணக்குப் பார்த்தால், வருஷத்தில் நாலைந்து நாள் வேலைதான். ஆனால் அந்த நாலைந்து நாளை நம்பித்தான் நாலு பேர், ஊர் பெயர் தெரியாத ஓர் ஏரிக்கரையில், கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

நமக்குக் கேம்பர் வேன் இல்லை. ஆனால் காஸ் அடுப்பு இருக்கிறது. அதன் ரப்பர் குழாய் பளபளவென்றுதான் இருக்கும். ஆனாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டிய பொருள் அது. சிலிண்டரின் கழுத்துப் பட்டையிலும் அடுத்த பரிசோதனை எப்போது என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர், டி டிசம்பர். இன்றிரவு சமையல் முடிந்து அடுப்பு ஆறியதும், குழாயைக் கொஞ்சம் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் வருஷத்தைப் படியுங்கள். படித்ததை அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.