பிரிண்டர் செய்த குற்றமும் பிள்ளை பெற்ற தண்டனையும்

ரயிலே ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவாக இருப்பவனைக் கண்டால் எவருக்கும் சற்று நகைப்பு உண்டாவது இயல்பே. "தண்டவாளம் இல்லாத ஊரில் உமக்கு என்ன வேலை?" என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்குச் செல்வோர், அங்கிருந்து இராமநாதபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் போக வேண்டும் அல்லவா? அவர்களுக்கு இங்கேயே முன்பதிவுச் சீட்டு வழங்குவது என் பணி. நாள் முழுதும் கணினியின் முன் அமர்ந்திருப்பவன் ஆதலால், கணினியைப் பற்றிய சகலமும் எனக்குத் தெரியும் என்று அக்கம்பக்கத்தார் நம்பிவிட்டனர். நானும் அதை மறுத்ததில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவனுக்கு வலிய வந்த மரியாதையைத் தள்ளிவிட மனம் வருமா? அந்த மரியாதையால் நேர்ந்த பிழை ஒன்றையே இங்கு எழுதுகிறேன். அலுவலகத்துப் பொறிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது என் வீட்டுக் கணினியின் கதை.

நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த நாளில், மூத்த மகனின் பாடத்துக்காகப் பழைய கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். நினைவகம் 4 ஜி.பி.; உள்ளே தட்டுச் சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க். வேகம் குறைவாயினும் சொன்ன வேலையைச் செய்துவந்தது. சென்ற மழைக்காலத்தில் அபர்தீன் பஜாரில் ஒரு பிரிண்டர் வாங்கினேன். அச்சடிக்கவும், நகலெடுக்கவும், ஸ்கேன் செய்யவும் வல்லது. பெட்டியோடு வந்த குறுந்தகட்டைப் போட்டு, 'நெக்ஸ்ட்' என்று தோன்றிய இடமெல்லாம் அழுத்தினேன். எதற்கெல்லாம் சம்மதம் கொடுக்கிறோம் என்று படித்துப் பார்க்கவில்லை. நண்பர்களே, கடன் பத்திரத்தில் இவ்வாறு கையொப்பம் இடுவோமா?

சில நாள் கழித்துக் கணினிக்கு ஒரு வியாதி கண்டது. பகலில் நன்றாக இருக்கும். மாலை விளக்கேற்றிய பின் மகன் பாடக் குறிப்பைத் திறந்தால், சிறிது நேரத்தில் எல்லாம் உறைந்துபோகும். மவுஸின் அம்பு மட்டும் நகரும்; எதை அழுத்தினாலும் பலன் இராது. நீல வளையம் சுழன்றுகொண்டே இருக்கும். திரையின்மேல் மூடுபனி படிந்தாற்போல் வெளுப்பு ஏறி, 'நாட் ரெஸ்பாண்டிங்' என்ற சொல் மேலே தோன்றும். பதில் இல்லை என்று கணினியே ஒப்புக்கொள்ளும் நிலை அது.

முதலில் 'நெட்' மீது பழி போட்டேன். தீவில் வாழும் நமக்கு இது நெடுநாள் பழக்கம். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னைக் கடலடிக் கேபிள் திறந்து வைக்கப்படும் வரையில் நாம் பெரிதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தோம்; ஒரு படிவம் திறப்பதற்குள் ஒரு குவளைத் தேநீர் குடித்து முடிக்கலாம். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்க் கேபிள் கடலுக்கடியில் வந்து சேர்ந்த பிறகும், போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய பிறகும், "நெட் சரியில்லை" என்ற சொல் மட்டும் நம் நாவை விட்டு நீங்கவில்லை. ஆயினும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோதும் கணினி உறைந்தது. ஆகவே நெட் குற்றவாளி அன்று.

அடுத்து என் பார்வை மகன்மேல் விழுந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை. விளையாட்டு நிரல் எதையோ ரகசியமாக இறக்கியிருப்பான் என்று எண்ணினேன். "இல்லை, அப்பா. பிரிண்டர் வந்த பிறகுதான் இப்படி ஆகிறது" என்றான். "செய்வதையும் செய்துவிட்டுப் பிரிண்டர்மேல் பழியா?" என்று அதட்டினேன். பிரிண்டர் என்பது அச்சடிக்கும் கருவி. அச்சடிக்காத வேளையில் அது கணினியை என்ன செய்யும்? என் அறிவு அவ்வளவே. மவுஸை எடுத்துப் பீரோவில் பூட்டினேன். மூன்று வாரம் அவன் கணினியைத் தொடவில்லை. அறிவியல் கண்காட்சிக்கு எழுதத் தொடங்கிய கட்டுரையையும் பாதியில் விட்டுவிட்டான். என்னோடு சண்டையிட்டிருந்தால்கூட மனத்துக்கு இலகுவாக இருந்திருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அகன்றுபோனான்.

அந்த நிலையில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பத்தவர். மறுநாள் காலை ஹாடோ துறையிலிருந்து கப்பல் ஏறி, சென்னையில் இறங்கி, காட்பாடிக்கு ரயில் பிடித்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் செல்லவிருந்தார். ரயில் சீட்டை முன்பே கவுண்டரில் எடுத்துக் கொடுத்திருந்தேன். மருத்துவர் நாள் குறித்த தாளும், ஐந்து பக்கப் பரிசோதனை அறிக்கைகளும் அவர் கைப்பேசியில் இருந்தன. "தம்பி, வழியில் இந்தப் போன் அணைந்துபோனால் நான் யாரிடம் போய் நிற்பேன்? காகிதத்தில் போட்டுக் கொடு" என்றார்.

தாள்களைக் கணினிக்கு அனுப்பி அச்சுக் கட்டளையை அழுத்தினேன். உறைந்தது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் மீண்டும் அழுத்தினேன். கணினியை அணைத்து ஏற்றினேன். அதே கதை. மகன் மூன்று வாரமாகத் தொடாத பொறி, என் கையிலேயே உறைந்து நின்றது. அவன் கூடத்தில் படுத்திருந்தான். உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வேறு வழியின்றிக் கைப்பேசித் திரையைப் பார்த்து அறிக்கையைத் தாளில் எழுதத் தொடங்கினேன். சிறிய எழுத்து, கண் கூசியது. மகன் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் கைப்பேசியை வாங்கி, எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கலானான். மூன்று பக்கம் எழுதிய பின், "அப்பா, பிரிண்டரின் பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?" என்று மெல்லக் கேட்டான். அப்போதுதான் நினைவு வந்தது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு அஞ்சியும், கட்டணத்தை எண்ணியும், நாள்தோறும் மாலையில் அலுவலகத்திலிருந்து வந்தவுடன் அந்தப் பிளக்கைப் பிடுங்கி வைப்பவன் நானே!

அவன் பிளக்கைச் சொருகினான். பிரிண்டர் இருமிக்கொண்டு விழித்தது. அரை நிமிடத்தில் கணினித் திரையின் வெளுப்பு நீங்கியது. அச்சும் தொடங்கியது. நான் அழுத்திய ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு படியாக, பெரியம்மாவின் இரத்தமும் சர்க்கரையும் ஆறு படிகள் வந்து, தட்டிலிருந்த காகிதம் தீர்ந்தது. பெரியம்மா சிரித்தார், மகனும் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையால் எழுதியதை அச்சுப் படியோடு ஒத்துப் பார்த்தபோது, ஓரிடத்தில் நான் புள்ளியை விட்டிருப்பது தெரிந்தது. 1.4 என்பது 14 ஆகியிருந்தது. அந்தத் தாளோடு அவர் போயிருந்தால் என்ற எண்ணம் இரவெல்லாம் என்னை உறங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மவுஸை மகன் கையில் கொடுத்து, அருகில் அமர்ந்தேன். விண்டோஸில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒரு பதிவேடு உண்டு. தேடும் கட்டத்தில் அப்பெயரைத் தட்டினால் திறக்கும். எந்த நாளில் எந்த நிரல் நின்றது என்பதைச் சிவப்புக் குறியால் காட்டும். எந்த நாளில் எது நிறுவப்பட்டது என்பதையும் காட்டும். ஸ்டேஷன் மாஸ்டரின் டைரி போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பிரிண்டரை நிறுவிய நாளுக்கு எதிரே நான்கு நிரல்கள் நுழைந்த குறிப்பு இருந்தது. அதற்கு முந்திய நாள்களில் சிவப்புக் குறி ஏறக்குறைய இல்லை. அதற்குப் பிந்திய நாள்களில் அடுக்கடுக்காக இருந்தன. மகன் தண்டனை அனுபவித்த மூன்று வாரம் வெறுமையாக இருந்தது. பெரியம்மா வந்த இரவில் மறுபடியும் சிவப்பு. அவன் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் அந்த வரிசையைத் தொட்டுக் காட்டினான்.

பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினோம். 'டாஸ்க் மேனேஜர்' திறந்தது. கணினிக்குள் அந்த நொடியில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்னும் ஆள்கணக்கு அது. பிரிண்டரோடு வந்த நிரல்கள், நாம் அழைக்காமலே, கணினி ஏற்றப்படும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்திருந்தன. ஒன்று மையின் அளவைப் பார்ப்பது. மற்றொன்று ஸ்கேன் பொத்தானை யாரேனும் அழுத்துகிறார்களா என்று காவல் இருப்பது. இன்னொன்று புதிய பதிப்பு வந்ததா என்று விசாரிப்பது. பிளக் பிடுங்கிய பிரிண்டரைத் தேடித் தேடி அவை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. டிஸ்க் என்ற பத்தியில் 100 விழுக்காடு என்று காட்டியது. 4 ஜி.பி. நினைவகத்தில் இத்தனை விருந்தாளிகள் உட்கார்ந்தால் வீட்டுக்காரனுக்கு இடம் ஏது?

இவர்களுக்கெல்லாம் நடுவில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்று ஒருவர் இருக்கிறார். அவர் கெட்டவர் அல்லர். 1959இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 1401 என்னும் கணினி, நிமிடத்துக்கு 600 வரி அச்சடிக்கும் 1403 என்ற அச்சுப்பொறியோடு வந்தது. நம் ரயில்வேயும் 1960களில் 1401ஐ நிறுவிக் கணக்கு வேலைகளுக்குப் பயன்படுத்தியது. 600 வரி என்பது நமக்குப் பெருவேகம். கணக்கிடும் பொறிக்கு அதுவும் ஆமை நடை. ஆதலால் அக்காலத்துப் பெரிய கணினிகள் விடைகளைக் காந்த நாடாவில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். 1401 அந்த நாடாவை வாங்கி ஓய்வாக அச்சடிக்கும். அச்சுக்காகக் கணினி காத்திருக்கலாகாது என்ற அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றலே இன்றைய ஸ்பூலர். நம் கட்டளைகளை வாங்கி வரிசையில் வைத்து, பிரிண்டர் கேட்கும்போது ஒவ்வொன்றாக அனுப்புவது அதன் கடமை.

ஆனால் வரிசையின் தலைமாட்டில் ஒரு கட்டளை சிக்கிக்கொண்டால், ஒற்றைப் பாதையில் எஞ்சின் பழுதாகி நின்ற சரக்கு வண்டியைப் போல், பின்னால் வருவன எல்லாம் நிற்கும். கணினியை அணைத்து ஏற்றினாலும் அந்த வண்டி நகராது. கட்டளைகள் டிஸ்க்கில் கோப்புகளாகக் கிடக்கும். கடிதம் எழுதும் 'வேர்ட்' போன்ற நிரல்களோ, பக்கத்தின் அளவை அமைப்பதற்காக, அச்சடிக்காத வேளையிலும் பிரிண்டரை விசாரிக்கும். பதில் வராவிட்டால் அவையும் காத்து நிற்கும். மகன் பாடக் குறிப்பைத் திறந்தவுடன் கணினி உறைந்த மர்மம் இதுவே.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இதே வியாதி கண்டால் பயன்படும். 'சர்வீசஸ்' என்ற பகுதியில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தினோம். விண்டோஸ், சிஸ்டம் 32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒன்றனுள் ஒன்றாக இருக்கும் ஃபோல்டர்களுக்குள் சென்று, கடைசி ஃபோல்டரில் தேங்கியிருந்த கோப்புகளை மட்டும் அழித்தோம், ஃபோல்டரை அழிக்கவில்லை. பின் ஸ்பூலரை மீண்டும் ஓடவிட்டோம். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் பிரிண்டரின் துணை நிரல்களை முடக்கி, பிறகு அவற்றை முற்றிலும் நீக்கினோம். அச்சடிக்க வேண்டிய 'டிரைவர்' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். பிரிண்டரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் துணை நிரல்களும் போய்விடும் என்று நினைத்திருந்தேன், போவதில்லை. இறுதியாக, வழக்கமான பிரிண்டர் என்ற இடத்தில் பி.டி.எஃப். அச்சை அமர்த்தினோம். அதற்கு, வழக்கமான பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை முதலில் அணைக்க வேண்டும். இப்போது வேர்ட் விசாரிப்பது எப்போதும் விழித்திருக்கும் ஒருவரை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெயர் புரியாத சேவைகளையெல்லாம் ஆவேசத்தில் நிறுத்திவிடாதீர்கள். 'எம்.எஸ்.கான்ஃபிக்' என்ற இடத்தில் மைக்ரோசாப்டின் சேவைகளை மறைத்துவிட்டு, மற்றவற்றில் பாதியை நிறுத்திப் பாருங்கள். உறைதல் நின்றால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறான். நிற்காவிட்டால் மறு பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், இருபது நிரல்களானாலும் ஐந்து முறைக்குள் ஆள் அகப்படுவான். இது என் மகன் கண்ட கணக்கு.

பிரிண்டர் வழியாகக் கணினி நிலைகுலைவது நம் வீட்டில் மட்டும் நிகழ்ந்தது அன்று. 2021 மார்ச்சில் விண்டோஸுக்கு வந்த புதுப்பிப்பு ஒன்றால், சில வகைப் பிரிண்டர்களுக்குக் கட்டளை கொடுத்தவுடன் கணினி நீலத்திரை காட்டி விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்பூலரிலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டு, மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. உலகத்தார் பலரும் அப்போதுதான் ஸ்பூலர் என்ற பெயரைக் கேட்டிருப்பர். நான் அப்போதும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும், "தம்பி, தவறு என்னுடையது. நீ அன்றே சொன்னாய்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை, அப்பா" என்றான். சிறிது பொறுத்து, "அந்தக் கட்டுரையைக் கண்காட்சிக்குக் கொடுக்கும் நாள் கடந்துவிட்டது" என்றான். அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் அவன் கட்டுரையைத் திறந்து மீதியை எழுதி முடித்தான். மாலை முழுதும் கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை.

பெரியம்மா வேலூரிலிருந்து நலமாகத் திரும்பினார். மருத்துவர் அச்சுத் தாள்களை வாங்கிக்கொண்டாராம். கையெழுத்துத் தாளை இவர் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். மீதமிருந்த ஐந்து படிகளின் பின்பக்கத்தில் என் மகன் கணக்குப் போடுகிறான். பிரிண்டரின் பிளக்கை நான் இப்போதும் மாலையில் பிடுங்கத்தான் செய்கிறேன். பிடுங்குமுன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.