டின்னுக்குள்ளே ஒரு பை

பைன்னதும் தோள்ல மாட்டுற பேக்னு நினைச்சுடாதீங்க. இது இங்கிலாந்துக்காரங்க சாப்பிடுற பை. உள்ளே இறைச்சியும் கிரேவியும், மேலே மாவு மூடி. ஃப்ரே பென்டோஸ்னு ஒரு பிராண்ட், தட்டையான டின்ல வரும். உருகுவே நாட்டில் இருக்கும் ஒரு ஊரோட பேரு அது. டின் மூடியை வெட்டி எடுக்கறதுதான் பெரிய போராட்டம். அப்புறம் ஓவன்ல அரை மணி நேரம் வெச்சா போதும், பச்சை மாவு உப்பிப் பொன்னிறமாயிடும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், காய் நறுக்க வேண்டாம். அதனாலதான் பாய்மரப் படகுல போறவங்க இதை வாங்கி அடுக்குறாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? போன செமஸ்டர்ல ரெண்டு அரியர். மூணு நாள் மெஸ் பக்கமே போகல. ராத்திரியெல்லாம் தூக்கம் வராம பாய்மரப் படகு வீடியோவா பார்த்துட்டு இருந்தேன்.

ஆடுற படகுல எப்படிச் சமைப்பாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? அடுப்பு ரெண்டு பக்கமும் பிவட்ல ஊஞ்சல் மாதிரி தொங்கும். ஈர்ப்பு மையம் பிவட்டுக்குக் கீழே இருப்பதால், படகு பக்கவாட்டில் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாகவே நிற்கும். ஆனா ஓவன் கதவைத் திறந்தா எடை முன்னால வந்துடும், அடுப்பே சாயும். அதனால பலர் லாக் போட்டுட்டுத்தான் திறப்பாங்க. கேஸ் இன்னும் ஆபத்து. எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கிவிடும். ஒரு தீப்பொறி போதும், படகே வெடிக்கும். சமைச்சு முடிச்சதும் சிலிண்டரையே மூடிடணும்.

இவ்வளவு தொல்லை எதுக்கு, பிஸ்கட் தின்னா போதாதான்னு தோணிச்சு. போதாதாம். பசி, குளிர், களைப்பு மூணும் சேர்ந்தா அனுபவசாலிகூட தப்பா முடிவெடுப்பார். அதனால புயல் வர்றதுக்கு முன்னாடியே சூடா சூப் வெச்சு ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சுடுவாங்க. பை டின்னும் அப்படித்தான். நல்லா சமைக்கிற நாளுக்காக அதை வாங்கி வைக்கறதில்ல, எதுவுமே முடியாத நாளுக்காக.

மூணாம் நாள் ராத்திரி ரூம்மேட் கெட்டில்ல மேகி போட்டு என் முன்னால வெச்சான். ரிசல்ட் பத்தி ஒண்ணும் கேக்கல. "சாப்பிடுடா" அவ்வளவுதான். சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் வீட்டுக்கு போன் பண்ணி அரியர் விஷயத்தைச் சொல்லத் தைரியம் வந்தது.

இப்போ என் அலமாரியில எப்பவும் ரெண்டு பாக்கெட் இருக்கும். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு மெஸ்ஸுக்கு வராம படுத்திருக்கிற யாருக்காவது.

உங்க பக்கத்து ரூம்காரன் இன்னைக்குச் சாப்பிட்டானா? ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்.