நாலு மில்லி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் அலாய் வீல்களைக் கூரைவரை அடுக்கி வைத்திருப்பார்கள். ஸ்விஃப்ட், ஐ20, எடியோஸ், பழைய ஹோண்டா சிட்டி என்று எந்தக் காரைச் சொன்னாலும் நாலைந்து டிசைன் கீழே இறங்கும். ஃபிகோ என்று சொல்லிப் பாருங்கள், கடைப்பையனின் கை பாதியில் நின்றுவிடும். "ஃபோர்டா சார்? பிசிடி வேறயாச்சே!"

வீல் ஓட்டைகளின் மையங்கள் வழியாகப் போகிற வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. மேலே சொன்ன கார்களுக்கு நாலு ஓட்டை, 100 மில்லிமீட்டர். ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோவுக்கும் நாலு ஓட்டைதான், ஆனால் 108. ஐகானும் ஃபியஸ்டாவும் முதல் தலைமுறை ஃபிகோவும் இதோ இருக்கிற மறைமலை நகரில் செய்தவை. 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. கார்கள் என்னவோ தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு அலாய் தேடுகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

நண்பர் ஒருவர் தன் பழைய ஃபிகோவுக்கு அலாய் போட்டே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றார். விசாரித்த இடத்தில் புதுப்பேட்டைக்குப் போகச் சொன்னார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே ஒரு பாய் பழைய வீல் வியாபாரம் செய்கிறார், அவர் கடையை ஒட்டிய சந்தில் ஒரு லேத் பட்டறை.

"100, 108 ரெண்டும் போட்ட எட்டு ஓட்டை வீல் வந்தா சொல்றேன் சார். தொல்லையில்லாதது அதான்," என்றார் பாய். எட்டு ஓட்டை பார்க்க நன்றாக இருக்காது என்றார் நண்பர். இந்த அலைச்சலே அழகுக்காகத்தான் என்பதால் மேற்கொண்டு யாரும் வாதாடவில்லை. அவர் கண் வைத்தது 100 பிசிடி வீல் ஒன்றின் மேல்.

"இந்த ஓட்டையை அடைச்சிட்டு 108க்குப் புதுசா போட்டுடலாமே பாய்?"

பாய் வீலைக் கவிழ்த்துப் போட்டார். "ஓட்டைக்கு ஓட்டை நாலு மில்லிதான் சார் நகருது. புதுசும் பழசும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடும். வெல்டு வச்சு அடைச்சாதான் உண்டு. வெல்டு வச்ச வீலை நான் கைல தொட மாட்டேன்." இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே தள்ளிப் போடலாமே என்று நான் மூக்கை நுழைத்தேன். அந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். எடையைக் குறைக்க வார்க்கும்போதே அங்கே குழி விட்டிருக்கிறார்கள், ஓட்டை போட உலோகமே இல்லை.

வெல்டைப் பற்றி அவர் சொன்னது வெறும் பிடிவாதமல்ல. அலாய் வீல் என்பது சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியம். அதை வார்த்து, சூடேற்றி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். வலு அப்படித்தான் வருகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அதுவும் எங்கே? காரின் பாரமெல்லாம் வந்து இறங்குகிற நட்டு ஓட்டையைச் சுற்றி. இதில் ரவுண்டு ஃபைலால் ஓட்டையை நீட்டிக் கொடுக்கிற மகானுபாவர்களும் உண்டாம்.

ஏறாத வீலைப் பற்றிப் பாய்க்குக் கவலையே இல்லை. ஏறிவிடுகிற வீலைத்தான் அவர் நம்புவதில்லை. மூலையிலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். ஃபியட் புன்டோவில் ஓடிய 100 பிசிடி வீலாம். புன்டோவின் பிசிடி 98. (ஸ்விஃப்ட்டில் இருந்த அதே ஃபியட் 1.3 டீசல் எஞ்சின்தான் புன்டோவிலும். எஞ்சின் பொருந்தும், வீல் பொருந்தாது!) 98க்கும் 100க்கும் ஓட்டைக்கு ஒரு மில்லிதான் வித்தியாசம். வீலை வைத்தால் உட்கார்ந்துவிடும், போல்ட்டும் ஏறிவிடும், ஸ்பானருக்கு இறுகியது போலவும் இருக்கும். அந்த வீலின் ஓட்டைகளைக் குனிந்து பார்த்தேன். போல்ட்டின் கூம்புத் தலை வந்து அமர வேண்டிய சரிவில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் பளபளவென்று நசுங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் போல்ட்டே படவில்லை, அலுமினியம் தேய்ந்த கறுப்புப் பொடிதான் அப்பியிருந்தது.

போல்ட்டுதான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். போல்ட்டின் வேலை, வீலை ஹப்பின் முகத்தோடு சேர்த்து நெரித்துப் பிடிப்பது. பாரத்தைத் தாங்குவது அந்த இரண்டு முகங்களுக்கும் இடையிலான உராய்வு. போல்ட் ஒருச்சாய்ந்து உட்கார்ந்தால் சரிவு நசுங்க நசுங்கப் பிடி தளரும். பிடி தளர்ந்தால் போல்ட் வளைந்து நிமிர்ந்து களைத்து ஒருநாள் முறியும். இந்த ஒரு மில்லிக்கென்றே, கூம்பு தனியாக நகர்ந்து கொடுக்கிற வாப்பிள் போல்ட் விற்கிறது. நாலு மில்லிக்கு அது எட்டாது.

மிச்சமிருந்தது அடாப்டர், அதாவது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கிற வட்டு. லேத்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஃபிகோ ஹப்பின் நடு வளையம் 63.4 என்று நண்பர் போனைக் காட்டினார். "நெட்ல போட்டிருப்பான் தம்பி. துரு ஏறின ஹப்பு நெட்டைப் பார்க்குமா?" என்றவர், வீலைக் கழற்றச் சொல்லி, கம்பி பிரஷ்ஷால் ஹப்பைச் சுரண்டி, எமரி போட்டுத் துடைத்த பிறகுதான் வெர்னியரை எடுத்தார்.

25 மில்லி அடாப்டருக்கு, அதைவிடக் கனமான அலுமினிய வட்டு சக்கில் ஏறியது. 6061 என்று அச்சடித்த ரகம். முன்முகத்தைச் சீவினார். நடுவே ஹப்புக்கான போரை எடுத்தார். சக்கைத் தளர்த்தாமலே, அந்தப் போரைச் சுற்றி முன்னால் நீண்டிருக்கும் உதட்டை 73.1க்கு இழுத்தார். வீலின் நடு ஓட்டை அந்த அளவு. உள்ளே ஹப், வெளியே வீல், இரண்டுக்கும் மையம் ஒன்றாக இருக்க வேண்டுமானால் இரண்டையும் ஒரே பிடியில் முடித்தாக வேண்டும். கழற்றி மாட்டினால் மையம் தப்பும், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பின்முகத்தைச் சீவத் திருப்பிப் போட்டபோது டயல் கேஜை வைத்துச் சக்கைக் கையால் சுற்றினார். முள் அசங்குகிறதே என்று எனக்குத் தோன்றாத இடத்தில் அவருக்குத் தோன்றியது. மரச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்றினார், மறுபடி ஒரு தட்டு. முள் அடங்கும்வரை கட்டிங் டூல் கிட்டே வரவில்லை.

108இல் நாலு ஓட்டை அடாப்டரை ஹப்போடு இறுக்க. அவற்றுக்கு நடுவே 45 டிகிரி தள்ளி 100இல் நாலு ஸ்டட், வீலை மாட்ட. ஓட்டைக்கும் ஸ்டட்டுக்கும் இடைவெளி 40 மில்லி வருகிறது, சாக்கெட் நுழைய அது போதும். ஸ்டட்டைப் பின்னாலிருந்து பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றினார். அலுமினியத்தில் மரை வெட்டி ஸ்டட்டை முறுக்கிவிடுவது சுலபமில்லையா என்றேன். "சுலபம்தான். கழண்டு வர்றதும் சுலபம்." அடாப்டரைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த பழைய ஸ்டட் முனைகள், பாய் விரலால் தட்டிக் காட்டிய அதே குழிகளுக்குள் போய் அடங்கின.

மாட்டும்போது நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணினார். 12 மில்லி ஸ்டட், 1.5 பிட்ச், எட்டு முழுச் சுற்றாவது ஏற வேண்டும். ஏர் கன்னைத் தொடவில்லை, குறுக்குமறுக்காக டார்க் ரெஞ்சுதான். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொன்னார். அடாப்டரின் நட்டுகள் வீலுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் வீலைக் கழற்றித்தான் அவற்றைச் சோதிக்க முடியும்.

வேலை சுத்தம். ஆனாலும் என்னைக் கேட்டால் எட்டு ஓட்டை வீலுக்கே காத்திருக்கச் சொல்வேன். ஒவ்வொரு வீலும் 25 மில்லி வெளியே தள்ளிவிட்டது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் டயர் மட்கார்டை உரசலாம், பேரிங்கிலும் பாரம் கூடுகிறது. மாற்றியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டிய வேலை வேறு.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது லேத்காரர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஸ்டெப்னி பழைய இரும்பு வீல், 108. அடாப்டரின் மேல் அது ஏறாது. வழியில் பஞ்சரானால் அந்தப் பக்கத்து அடாப்டரையும் கழற்றிவிட்டு, கம்பெனி நட்டு போட்டுத்தான் மாட்ட வேண்டும். நண்பர் அந்த நட்டுகளை ஏற்கனவே பாயிடம் பழைய இரும்பு விலைக்குத் தள்ளியிருந்தார்.

"திருப்பி வாங்கிட்டு வாங்க தம்பி. அடாப்டருக்குப் போட்ட குட்டை நட்டு அதுக்கு ஆகாது."

பாய் திருப்பிக் கொடுத்தார், வாங்கிய விலைக்கு இல்லை.