மச்சினனுக்கு ஒரு மெயில் ஐடி

இரண்டு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை. நான் இரண்டாவது காபியில் இருந்தேன். தஞ்சாவூரிலிருந்து என் மச்சினன் போன் செய்தான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவனுக்குப் பணி ஓய்வு. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் எல்லாம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். (நான் ரிடையர் ஆனபோதும் சுவர்க் கடிகாரம்தான். மணி பார்த்து ஓடும் வேலை முடிகிற நாளில் எதற்குக் கடிகாரம் தருகிறார்களோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

"அத்தான், என் மெயில் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு வருது."

"எந்த மெயில் மாப்ளே?"

"ஆபீஸ் மெயில்தான். எங்கிட்ட வேற ஏது?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவன் அவன். 22 வருடமாக அவனுக்கு இருந்த ஒரே மின்னஞ்சல் முகவரி கம்பெனி கொடுத்ததுதான். பேங்க், இன்சூரன்ஸ், வருமான வரி, ரயில் டிக்கெட், கேஸ் எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை திறந்தது, திங்கட்கிழமை காலை இல்லை. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. முகவரி அவர்களுடையது. ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பியிருப்பார்கள். அதுவும் அந்த மெயிலுக்கே வந்திருக்கும், இவன் படித்திருக்க மாட்டான்.

"ஏதாவது ஃப்ரீயா ஒண்ணு எடுத்துக்கலாம்னு பாக்கறேன். எது அத்தான் நல்லது?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். யாரைக் கேட்டாலும் அந்த ஒரு பேரைத்தான் சொல்வார்கள். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. "புதன்கிழமை நேர்ல வர்றேன், அதுவரைக்கும் எதையும் திறக்காதே" என்றேன். அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். ஒரு மெயில் ஐடிக்காக 75 வயதுக் கிழவன் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிறானே என்று.

காரணம் உண்டு. அதைச் சொல்ல 25 வருடம் பின்னால் போக வேண்டும்.

2000 ஆகஸ்டில் என் மகன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனான். போனில் பேசினால் நிமிடக் கணக்கு பயமுறுத்தும். தில்லைநகரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது, மணிக்கு 30 ரூபாய். அங்கிருந்த பையன்தான் எனக்கு முதல் மெயில் கணக்கைத் திறந்து கொடுத்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, இத்தனை வருடம் கழித்து எதற்கு. அந்த நாளில் நம் ஊரில் எல்லோர் வாயிலும் இருந்தவை மூன்று: ஹாட்மெயில், யாகூ, ரீடிஃப். ஹாட்மெயிலைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சபீர் பாட்டியா, நம் நாட்டுப் பையன் என்று எங்கள் பேங்க்கில் பெருமையாகப் பேசிக்கொள்வோம். 1996இல் தொடங்கி அடுத்த வருடக் கடைசியிலேயே மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை தோறும் நானும் என் மனைவியும் அந்த சென்டருக்குப் போவோம். அவளுக்குத் தட்டச்சு தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் அடிப்பேன், ஆங்கில எழுத்தில் தமிழ். ரசத்துக்கு எத்தனை தக்காளி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்கிறாயா, ரூம்மேட் சமைக்கிறானா இல்லை நீயேதானா, மாமாவுக்கு வேலை மாறிவிட்டது, பின்வீட்டு முருங்கை முறிந்து விழுந்துவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி "சுருக்கமா சொல்லேன், மீட்டர் ஓடுது" என்பேன். "கடுதாசிக்கு என்னங்க மீட்டரு?" என்பாள்.

மகன் எழுதியதை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்பாள். ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க 5 ரூபாய். முதலில் எடுத்தேன். பிறகு, "அதான் கம்ப்யூட்டர்லயே பத்திரமா இருக்கே, எதுக்குக் காசை விரயம் பண்றே" என்று நிறுத்திவிட்டேன். பேங்க்கில் வேலை பார்த்தவனுக்குச் சிக்கனம் தெரியும் பாருங்கள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை எம்பி என்பது. ஹாட்மெயிலில் 2 எம்பி, யாகூவில் 4. நான்கு போட்டோ வந்தால் பெட்டி நிரம்பிவிடும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி கூகுள் 1 ஜிபி தருகிறேன் என்று ஜிமெயிலை அறிவித்தபோது, ஏப்ரல் ஃபூல் என்றே பலர் நினைத்தார்கள். உள்ளே போக யாராவது அழைப்பு அனுப்ப வேண்டும். என் மகன் அனுப்பினான். நானும் குடி பெயர்ந்தேன். பழைய வீட்டிலிருந்த சாமான்களை எடுத்து வரவில்லை. அது எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

2014இல் அவள் போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்து, மகன் திரும்பிப் போனபின் ஒரு ராத்திரி, அந்தப் பழைய கடிதங்களைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. ரொம்ப நாள் திறக்காமல் இருந்தால் காலி செய்துவிடுவோம் என்று விதிமுறையில் இருந்திருக்கிறது. நான் படிக்காமல் டிக் அடித்த விதிமுறை. சரி, மகனிடம் இருக்குமே என்று கேட்டால், அவன் எழுதியது பல்கலைக்கழகம் கொடுத்த முகவரியிலிருந்து. படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் அதையும் மூடிவிட்டார்கள். இரண்டு பக்கமும் போயிற்று.

மிஞ்சியது 11 பக்கம் பிரிண்ட். எல்லாம் அவன் எழுதியவை. அவள் சொல்லி நான் அடித்தது ஒன்றுகூட இல்லை. நாம் அனுப்பினதை நாமே யார் பிரிண்ட் எடுப்பார்கள்?

அதனால்தான் வாய் வரவில்லை. இலவச மெயிலில் எது நல்லது என்று கேட்டால் எனக்கு இப்போது இடம் எவ்வளவு, அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எத்தனை நாள் எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கிப் போடுவான்? சாவி தொலைந்தால் எப்படி உள்ளே போவது? நான் இல்லாவிட்டால் யார் திறப்பது? இந்த மூன்றையும்தான் பார்க்கிறேன்.

புதன்கிழமை தஞ்சாவூர் போனதும் முதல் வேடிக்கை, அவனிடம் ஏற்கெனவே ஒரு ஜிமெயில் இருந்தது. அவனுக்கே தெரியாது. செல்போன் வாங்கினபோது கடைப் பையன் திறந்து கொடுத்தது, அவன் பெயருக்குப் பின்னால் ஏழு இலக்கம். பாஸ்வேர்டு அந்தப் பையனுக்குத்தான் தெரியும், கடையும் இப்போது அங்கே இல்லை. உங்களில் பாதிப் பேர் போனிலும் இப்படி ஒன்று இருக்கும், பாருங்கள்.

மேஜையில் பஜ்ஜி வந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

ஜிமெயிலில் 15 ஜிபி என்கிறார்கள். அது மெயிலுக்கு மட்டுமல்ல, போனிலிருந்து போய்ச் சேருகிற போட்டோ, வாட்ஸப் பேக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பெட்டி நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும். அதாவது அவன் தினமும் வாங்கிச் சேர்க்கிற குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் பேங்க் கடிதத்தை வாசலில் நிறுத்திவிடும். இரண்டு வருடம் கணக்கைத் தொடாமலே இருந்தால் நீக்க அவர்களுக்கு உரிமை உண்டு. யாகூவில் அந்தக் கெடு 12 மாதம். போதாததற்கு, 2013இல் யாகூவின் 300 கோடிக் கணக்குகளின் விவரமும் திருடு போனதைப் பின்னால் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

"இலவசமா குடுத்து அவனுக்கு என்ன லாபம் அத்தான்?" கணக்குப் பிரிவுக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான். விளம்பரம். 2017 வரை ஜிமெயிலில் நம் கடிதத்தை இயந்திரம் படித்துத்தான் அதற்கேற்ற விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதற்காகப் படிப்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். விளம்பரம் நிற்கவில்லை.

அது பிடிக்காதவர்களுக்கு சுவிட்சர்லாந்துக்காரர்களின் புரோட்டான் மெயில் இருக்கிறது. கடிதங்களை அவர்களே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீட்பு ஏற்பாடு எதுவும் செய்யாமல் பாஸ்வேர்டை மறந்தால், புதுப் பாஸ்வேர்டு போட்ட பிறகும் பழைய கடிதங்களைப் படிக்க முடியாது. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற எனக்கு அத்தனை பலமான பூட்டு ஆகாது.

ஸோஹோ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நம்ம தென்காசிப் பக்கம் ஆபீஸ் இருக்கே, அவங்களா?" அவர்கள்தான். இலவசக் கணக்கிலும் விளம்பரம் கிடையாது. அவன் அதற்கே சாய்ந்தான். எனக்கும் மனசு அங்கேதான். ஆனால் பிள்ளைகளும் போனும் மற்றதில் பழகியிருக்கும்போது, சிக்கினால் யார் வந்து சரி செய்வது? கடைசியில் இரண்டும் திறந்தோம். ஜிமெயில் வாசல் கதவு, ஸோஹோ கொல்லைக் கதவு. ஒன்று பூட்டிக்கொண்டால் மற்றதற்கு மீட்புக் குறியீடு வரும்படி செய்தோம்.

பெயர் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. பான் கார்டில் 'இசட் எச்', பேங்க்கில் வெறும் 'எல்'. பிறந்த வருடத்தைச் சேர்க்கிறேன் என்றான், வேண்டாம் என்றேன். நம் வயதை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பானேன். போனில் சொன்னால் எதிராளிக்கு ஒரே தடவையில் புரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மீட்பு எண்ணாக அவன் இரண்டாவது சிம்மைக் கொடுக்கப் பார்த்தான், ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கிற சிம். தடுத்தேன். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குப் போகலாம். நம் வீட்டுச் சாவி முகம் தெரியாதவர் சட்டைப் பையில் இருப்பது மாதிரி. பிறகு கூகுள் தருகிற 10 மாற்றுக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வைக்கச் சொன்னேன்.

அதுவரை பஜ்ஜித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி கேட்டாள். "அண்ணே, இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படித் தொறக்கறது?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்றான் அவன்.

"எல்ஐசி போட்டப்ப மட்டும் நாமினி பேரு கேட்டாங்கல்ல. அப்ப ஒண்ணும் சொல்லலியே."

அந்த வசதியும் ஜிமெயிலில் உண்டு. 3 மாதம் முதல் 18 மாதம் வரை நாம் வைக்கிற கெடுவுக்குள் கணக்குப் பக்கம் வரவே இல்லையென்றால், நாம் பெயர் கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும். எதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் இப்போதே எழுதி வைக்கலாம். 3 மாதம் என்று வைத்து, அவள் பெயரையும் மகள் பெயரையும் கொடுத்தோம். கொடுக்கும்போது அவன் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய இடங்களில் முகவரி மாற்றிய கதை தனி. பேங்க்கில் ஒரே நாளில் முடிந்தது. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், புது மெயிலைப் பதிய வேண்டுமானால் பழைய மெயிலுக்கு வரும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்றார்களாம். பழைய மெயில் இருந்தால் இவன் ஏன் அங்கே போய் நிற்கிறான்? மூன்று நடை நடந்து, படிவம் எழுதி, ஆதார் நகல் கொடுத்து மாற்றினான். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். ஆபீஸ் மெயில் உயிரோடு இருக்கும்போது இதெல்லாம் பத்து நிமிட வேலை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தவன், ஸ்டாண்டில் சும்மா நின்றுகொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"அக்கா எழுதினது ஒண்ணுமே இல்லையா அத்தான்?"

"இல்ல மாப்ளே."

அவளுக்குப் பத்து வயது இளையவன். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. வேறொன்றும் கேட்கவில்லை. பஸ் கிளம்பும் வரை நின்றான்.

போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். அமெரிக்காவிலிருக்கும் என் பேத்தி தமிழ் பழகுகிறாள். மாதம் ஒரு மெயில் தமிழில் எழுதுவாள், நானும் பதில் எழுதுவேன். அத்தனையையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைப் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "சார், இதுல பாதி நீங்களே அனுப்பினது. அதை விட்டுட்டு அவங்க எழுதினதை மட்டும் போடட்டுமா, காசு மிச்சமாகும்" என்றான்.

"அதையும் போடு தம்பி."

மொத்தம் 64 பக்கம் வந்தது.