டிஸ்க் 1

போன வருடம், நான்காவது செமஸ்டர் முடியும் நேரம். என் பழைய லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. உள்ளே இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, புது லேப்டாப்புக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஃபார்மட் பண்ணினால் முடிந்தது. "பத்து நிமிஷ வேலை மச்சி" என்று ரூம்மேட்டிடம் சொன்னேன். மூன்று ராத்திரி ஆனது.

முதல் ராத்திரி, ரைட் கிளிக், குயிக் ஃபார்மட். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, முடிக்க முடியவில்லை என்று விண்டோஸ் கைவிரித்தது. சரி என்று ஃபுல் ஃபார்மட் போட்டேன். குயிக் ஃபார்மட் புதுக் கணக்குப் புத்தகம் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும். ஃபுல் ஃபார்மட் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதி, கெட்டுப்போன செக்டர் இருக்கிறதா என்றும் பார்க்கும், மணிக்கணக்கில் ஓடும். காலையில் எழுந்து பார்த்தால் அதே மெசேஜ்.

இரண்டாம் ராத்திரி டிஸ்க்பார்ட். கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கிறோம் என்றாலே ஒரு கெத்து வந்துவிடும். 'லிஸ்ட் டிஸ்க்' அடித்தேன். லேப்டாப்பின் எஸ்எஸ்டி டிஸ்க் 0, என்னுடையது டிஸ்க் 1. ரீட்-ஒன்லியாக இருக்குமோ என்று அதை நீக்கும் கமாண்டும் கொடுத்தாச்சு. அப்புறம் 'செலக்ட் டிஸ்க் 1', 'கிளீன்'. ஐ/ஓ எரர். அதையே பத்து தடவை அடித்திருப்பேன். கைக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

மூன்றாம் ராத்திரி கேபிள் மேல் சந்தேகம் வந்தது. லூசான கேபிளாலும் இந்த எரர் வரும். டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து ரூமில் வேறு கேபிள் கேட்கப் போனேன். அந்த நேரத்தில் ரூம்மேட், நோட்ஸ் காப்பி பண்ண அவனுடைய 1 டிபி டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகிவிட்டு, மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டான். நான் திரும்பி வந்து என் டிஸ்க்கையும் செருகினேன். லிஸ்ட் பார்க்கவில்லை. 'செலக்ட் டிஸ்க் 1', 'கிளீன்'.

ஒரே நொடி. வெற்றிகரமாகக் கிளீன் செய்யப்பட்டது என்று வந்தது. "கேபிள்தான்டா!" என்று தனியாகக் கத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன், அவனுடைய டிரைவைக் காணோம்.

டிஸ்க் நம்பர் எந்த டிஸ்க்குக்கும் சொந்தம் கிடையாது. விண்டோஸ் அப்போதைக்குக் கொடுப்பது. என் டிஸ்க்கைப் பிடுங்கியதும் 1 காலியானது. அவனுடையது அதில் உட்கார்ந்துவிட்டது. என்னுடையது 2 ஆகிவிட்டது. லிஸ்ட் பார்த்திருந்தால் சைஸே காட்டிக்கொடுத்திருக்கும். 500 ஜிபியை விண்டோஸ் 465 என்று காட்டும், 1 டிபியை 931 என்று காட்டும். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆகப் போடுகிறது. அந்த 931 கண்ணில் பட்டிருந்தால் போதும்.

அதில் அவன் அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களில் நானும் ஒருவன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேசாமல் டிஸ்க்கை அவன் பையில் வைத்துவிடலாம், தானாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவன் அடுத்த முறை செருகும்போது, புது டிஸ்க் மாதிரி இனிஷியலைஸ் பண்ணச் சொல்லும். பண்ணுவான். ஃபார்மட் பண்ணி நாலு படம் ஏற்றுவான். அத்தோடு எல்லாம் நிஜமாகவே போய்விடும். மெஸ்ஸுக்கு ஓடினேன்.

அவன் திட்டவில்லை. "வேற காப்பி இல்லடா. ஸ்டூடியோக்காரர்கிட்டயும் இருக்காது" என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

ஃபைனல் இயர் சீனியர் அண்ணா ஒருவரிடம் போனோம். "அதுல ஏதாவது எழுதினீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றதும் சிரித்தார். வெறும் 'கிளீன்' பார்டிஷன் பட்டியலைத்தான் அழிக்கும். ஹாஸ்டல் வாசலில் ஒட்டியிருக்கும் ரூம் அலாட்மென்ட் லிஸ்ட்டைக் கிழித்த மாதிரி. பசங்க அவங்கவங்க ரூமில்தான் இருப்பார்கள். புது ஆளைக் கொண்டுபோய் உள்ளே விட்டால்தான் பிரச்சினை. 'கிளீன் ஆல்' என்று அடித்திருந்தால் கதை வேறு. அது டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதிவிடும்.

டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டார். அது டிஸ்க்கைத் தேடி, தொலைந்த பார்டிஷனைக் காட்டியது. உடனே ரைட் கொடுக்க அவர் விடவில்லை. அதற்குள்ளிருந்தே கல்யாண ஃபோல்டரை முதலில் என் லேப்டாப்புக்கு இழுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகுதான் பார்டிஷன் டேபிளை எழுதினார். ரீஸ்டார்ட் பண்ணினோம். டிரைவ் வந்தது. முகூர்த்த போட்டோக்களை அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்கும்வரை யாரும் தூங்கவில்லை.

என் டிஸ்க்? அண்ணா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தார். மஞ்சளில் 'காஷன்'. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் ஏகப்பட்டது. டிஸ்க் சாகப்போகிறது. இதை முதல் ராத்திரியே பார்த்திருந்தால் வேலை நிஜமாகவே பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

மூன்று ராத்திரியும் எரரைத்தான் எதிரியாக நினைத்தேன். அந்த எரர்களால் எதுவும் போகவில்லை. 'என்னால முடியல' என்று டிஸ்க் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆபத்து வந்தது வெற்றி என்று வந்த மெசேஜில். 'கிளீன்', "நிச்சயமா?" என்று ஒரு தடவைகூடக் கேட்காது. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஜூனியர் யாராவது ஃபார்மட் ஆகவில்லை என்று வந்தால், மற்ற டிஸ்க் எல்லாவற்றையும் முதலில் பிடுங்கச் சொல்கிறேன். ரூம்மேட்டின் டிஸ்க்கில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, என் பெயர் போட்டு: "நீ மட்டும் தொடாதே."