மண்டையோட்டுக்கு வெளியே நின்று கேட்பது

மூளை மின்னலைகளை மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக 1924இல் யெனா நகரில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். நூறாண்டு கடந்தும் அவர் எதிர்கொண்ட தடை அப்படியே நிற்கிறது: மண்டையோடு. அது மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. ஓரிடத்தில் எழும் மின்னழுத்தம் உச்சந்தோலை அடைவதற்குள் பல சென்டிமீட்டர் பரவிவிடுகிறது. காலத்தை மில்லிநொடி வரை சொல்லும் இஇஜி, இடத்தைக் கேட்டால் தடுமாறுகிறது.

என் ஆய்வுக்காலத்தில் நான்காண்டுகள் இந்த மங்கலோடுதான் கழிந்தன. போ யோர்ட் 1975இல் முன்வைத்த வழி வியப்பூட்டும் எளிமையுடையது: ஒரு மின்முனையின் மதிப்பிலிருந்து அதைச் சூழ்ந்த மின்முனைகளின் சராசரியைக் கழித்துவிடுங்கள். தொலைவிலிருந்து பரவி வந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கும் பகுதி நீங்கும். நேர் அடியில் பிறந்தது எஞ்சும். லாப்லாசியன் என்று நாம் அழைப்பதன் சாரம் இதுவே. (பின்னர் வந்த கோள ஸ்ப்லைன் முறையை நான் குறைத்துப் பேசவில்லை.)

ஆயினும் கழித்தலில் இழப்பும் உண்டு. மூளையின் ஆழத்தில் எழும் அலை பரவலாகவே மேலே வருகிறது. அதுவும் சேர்ந்து கழிந்துவிடும். இரைச்சல் பெருகும். மருத்துவமனைகளில் வழக்கமான 19 மின்முனைகளில் விளிம்பில் உள்ளவற்றுக்கு ஒருபுறம் அண்டை முனையே இல்லை. வலிப்பின் ஊற்றை அடிக்கடி தேடவேண்டியிருக்கும் பொட்டுமடலோ அந்த விளிம்பருகில்தான் இருக்கிறது.

ஆகவே, கூர்மையாக்கிய வண்ணப்படத்தை மட்டும் காட்டுவதை நான் ஏற்பதில்லை. அறுவைக்கு இடம் குறிக்கும் மருத்துவரின் முன் மூலப்பதிவும் இருக்க வேண்டும். என் ஆய்வேட்டில் ஒவ்வொரு படத்தையும் இணையாகவே வைத்திருக்கிறேன். பக்கங்கள் கூடிவிட்டன, நெறியாளர் இன்னும் முணுமுணுக்கிறார்.