பறக்கப் பணம் கட்டுமுன்

பிள்ளையைப் பைலட் ஆக்க நினைக்கும் பெற்றோர், பயிற்றுநரான என்னிடம் முதலில் கேட்பது மொத்தச் செலவை. சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம் கைக்கு வர இந்தியாவில் இன்று ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய் ஆகிறது. பல இடங்களில் அதற்கும் மேல். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட்டை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சம். நிலத்தை அடமானம் வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பள்ளியில் போன மாதம் ஒரு மாணவன் எத்தனை மணி நேரம் பறந்தான்?"

உரிமத்துக்கு, அதை வழங்கும் விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரம் பறந்த அனுபவம். அதில் 100 மணி நேரம் மாணவனே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். தடையில்லாமல் பறந்தால் ஒன்றரை ஆண்டுக்குள் முடிக்கலாம். விமானம் உதிரிபாகத்துக்குக் காத்து நின்றால், பயிற்றுநர் வேலையை விட்டுப் போனால், மூன்று ஆண்டு வரைகூட இழுக்கும். அத்தனை மாதமும் விடுதி வாடகை, சாப்பாடு, கடனுக்கு வட்டி.

இடைவெளி கையையும் கெடுக்கும். தரையிறங்கும்போது ரன்வேக்குச் சில அடி மேலே எஞ்சின் விசையைக் குறைத்து, மூக்கை மெல்லத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பார்வை ரன்வேயின் கடைக்கோடியில் இருக்க வேண்டும். தொடர்ந்து பறக்கும் மாணவனுக்கு இது தானாக வரும். மூன்று வாரம் சும்மா இருந்தவனுக்குக் கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தரையில் விழுகிறது, கன்ட்ரோலைச் சட்டென்று இழுக்கிறான், விமானம் துள்ளுகிறது. பிறகு அவனைத் தனியே அனுப்ப மனம் வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி சரிபார்க்கிறேன். அந்த மணி நேரமும் அவன் அப்பா கணக்கில்தான் ஏறும்.

அதனால் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள், விடியற்காலையில். விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் எத்தனை செஸ்னா பயிற்சி விமானம் பறக்கத் தயாராக நிற்கிறது, ஹேங்கருக்குள் எத்தனை எஞ்சின் மூடி கழற்றிக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். பயணிகள் விமானம் அடிக்கடி வந்துபோகும் நிலையமானால், மாணவன் எஞ்சினை ஓடவிட்டபடி டாக்ஸிவேயில் காத்திருப்பான். அந்த நேரமும் லாக் புக்கில் ஏறும், கற்றது எதுவும் இருக்காது. வானிலையையும் கணக்கில் வையுங்கள். ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் அரசு அகாடமிக்கு நல்ல பெயர் உண்டு, நுழைவுத் தேர்வும் உண்டு. ஆனாலும் அது வட இந்தியச் சமவெளி. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் காலை நேரத்தைத் தின்றுவிடும். கேன்டீனில் மாணவர்களோடு டீ குடியுங்கள். அலுவலகத்தில் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ மணி நேரம் சீக்கிரம் சேரும். ஆனால் திரும்பி வந்து டிஜிசிஏ தேர்வு எழுதி, இங்கேயும் பறந்து காட்டித்தான் உரிமத்தை மாற்ற முடியும். அந்தச் செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் முதலில் மெடிக்கல் எனப்படும் உடல்தகுதிச் சான்று. வகுப்பு 2, பிறகு வகுப்பு 1. இரண்டும் கையில் வராமல் பெரிய தொகை எதையும் கட்ட வேண்டாம். டிஜிசிஏ தேர்வுத் தாள்களையும் பறக்கத் தொடங்குமுன்பே முடிந்தவரை முடித்துவிடுவது நல்லது. கட்டணத்தைப் பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் பள்ளியில் என் பிள்ளையை நான் சேர்க்க மாட்டேன்.